முடிச்சும் அச்சும்

வணக்கம் ஐயா,

நான் மதுரையில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் சௌராஷ்டிரக் குடும்பத்தைச் சேர்ந்தவள். அம்மாவுக்கு 62 வயதாகிறது. இன்றும் முடிச்சுப் போடுகிறார். அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். பி.காம். முடித்துவிட்டு மூன்று ஆண்டுகளாக இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் சேலை விற்று வருகிறேன். கூடவே ஒரு வலைப்பூ தொடங்கி இதுவரை 23 பதிவுகள் எழுதியிருக்கிறேன்.

தினமும் ஒரு ரீல்ஸ் போட வேண்டும், மக்கள் தேடும் சொற்களைப் பத்திக்குப் பத்தி வைக்க வேண்டும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியே செய்தேன். சென்ற வாரம் பழைய பதிவுகளை எடுத்து வாசித்தபோது அவற்றில் ஒன்றுகூட நான் எழுதியதாகத் தோன்றவில்லை. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவதால் என் தமிழ்தான் சரியில்லையோ என்றும் சந்தேகமாக இருக்கிறது. எனக்கென்று ஒரு குரலை எப்படிக் கண்டடைவது? எழுத்தை விற்பனைக்குப் பயன்படுத்துவது தவறா?

இன்னொன்று. நான் விற்பவற்றில் கையால் முடிச்சுப் போட்ட சேலைகள் மிகக் குறைவு. பெரும்பாலானவை மெழுகு அச்சு, அதாவது முடிச்சுக்குப் பதில் அச்சால் மெழுகை ஒற்றிப் புள்ளி எடுத்தவை. ஆனால் எல்லாவற்றையும் 'பாரம்பரிய மதுரைச் சுங்குடி' என்றுதான் குறிப்பிடுகிறேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இரண்டு பதிவுகளின் சுட்டிகளை இணைத்திருக்கிறேன். என் பெயரைத் தவிர்த்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுப்பிய இரண்டு பதிவுகளோடு நிறுத்த முடியாமல் 23ஐயும் வாசித்துவிட்டேன். கடிதத்தின் கடைசியில், 'இன்னொன்று' என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் முதல் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய முதல் பதிவு சுங்குடியின் சிறப்புகளைப் பற்றியது. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த மக்கள் இக்கலையை மதுரைக்குக் கொண்டுவந்ததையும், 2005இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும், பருத்திச் சேலை நம் வெயிலுக்கு ஏற்றது என்பதையும் பிழையில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். சுங்குடியைத் தொட்டே பார்த்திராத ஒரு மாணவர், வேறொரு நகரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மாலைப் பொழுதில் இதே பதிவை எழுதிவிட முடியும். இரண்டாவது பதிவு சேலையைத் துவைக்கும் முறை பற்றியது. அதன் நடுவில் மூன்றே வரிகள் வருகின்றன. உங்கள் அம்மா இடது கைக் கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் வைத்திருப்பது, துணியை அந்த நகத்தால் கிள்ளி எடுத்தால்தான் முடிச்சு சிறியதாக விழும் என்பது, உறவினர் திருமணத்துக்கு மருதாணி வைக்க வந்த பெண் அந்த நகத்தை வெட்டப்போனபோது அவர் கையை இழுத்துக்கொண்டது. அந்த மூன்று வரிகளை வேறு யாராலும் எழுத முடியாது. அடுத்த பத்தியிலேயே 'பாரம்பரியமும் நவீனமும் கைகோத்த' என்று தொடங்கிவிடுகிறீர்கள்.

ஏன் அப்படி ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். கையால் முடிச்சுப் போட்ட புள்ளிக்கும் அச்சுப் புள்ளிக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குப் பத்தடி தூரத்திலேயே தெரியும். முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாமல் நிற்கும் வெள்ளை ஒருபோதும் முழு வட்டமாக இருப்பதில்லை. ஒன்று சற்றே சதுரம், அடுத்தது ஒரு பக்கம் இழுத்தது போல இருக்கும். நூலை எடுத்த பிறகும் துணியில் அந்தச் சிறு சுருக்கம் சில காலம் தங்கியிருக்கும். அச்சில் வரும் புள்ளிகள் ஓர் அளவாக, ஒரே இடைவெளியில் வரும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட வேண்டியிருப்பதையும், அதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்பதையும், அந்த நாட்களில் அம்மாவின் கண்ணும் கழுத்தும் என்ன பாடுபடும் என்பதையும் கூடவே இருந்து பார்த்தவர் நீங்கள். ஆனால் இவற்றில் ஒன்றை எழுதினாலும் வாசகர் உடனே திருப்பிக் கேட்பார்: 'அப்படியானால் நேற்று நீங்கள் படம் போட்ட அந்தப் பச்சைச் சேலை?' அந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்பதற்காகவே, உங்களை அறியாமல், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். முடிச்சு, நகம், நூல், கூலி, நாள் கணக்கு எல்லாம் போய்விட்டால் 'பாரம்பரியம்', 'கைவண்ணம்', 'மரபின் மணம்' போன்ற சொற்கள் மட்டுமே மிஞ்சும். அவை யாருடைய சொற்களும் இல்லை என்பதால்தான் நீங்கள் எழுதியதாகவும் தோன்றவில்லை.

ஆகவே, குரலைத் தேடும் வேலை உங்களுக்கு இல்லை என்றே நினைக்கிறேன். எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். அங்கே திறந்தால் போதும்.

'இது மெழுகு அச்சு' என்று எழுதினால் வாங்குபவர்கள் ஓடிவிடுவார்களே என்ற அச்சம் நியாயமானதுதான். என் தந்தையார் கீழமாசி வீதியில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதினார். பள்ளி விடுமுறைகளில் நானும் அங்கேயே கிடப்பேன். ஒருநாள் வீட்டு விசேஷத்துக்குத் துவரம் பருப்பு வாங்க வந்த அம்மாளிடம், கடை முதலாளி சாக்கிலிருந்து ஒரு பருப்பை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது வேக நேரமாகும் தாயி, விசேசத்துக்கு வேணாம். அன்னாட வீட்டுச் செலவுக்குன்னா எடுத்துக்கங்க, கிலோவுக்கு ரெண்டு ரூபா கம்மி." அந்த அம்மாள் பக்கத்துக் கடைக்குப் போகவில்லை. விலை கூடிய பருப்பையே வாங்கிக்கொண்டு, புளியும் மிளகாய் வற்றலும் சேர்த்து எடுத்துக்கொண்டார். வேகாத பருப்பும் கிடந்துவிடவில்லை. அன்று மாலையே ஒரு மெஸ்காரர் விலை பேசி மூட்டையாகத் தூக்கிப் போனார். அச்சுச் சேலைக்கும் ஆள் உண்டு. நாள்தோறும் பேருந்தில் பள்ளிக்குப் போகும் ஆசிரியைக்கு, அடித்துத் துவைக்கத் தாங்குகிற, கைக்கு எட்டுகிற விலையிலுள்ள சேலைதான் வேண்டும். அவரிடம் அதை அச்சென்று சொல்லி விற்பதில் என்ன குறை? முடிச்சுச் சேலையின் விலை ஏன் அத்தனை மடங்கு என்பதும் அப்போதுதான் அடுத்தவருக்கு விளங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைச் சூட்டும்போது நட்டப்படுவது உங்கள் அம்மாவின் கைதான். அவர் போட்ட முடிச்சுக்கு அச்சின் விலையைத்தான் எல்லாரும் கேட்பார்கள்.

தமிழ் சரியில்லையோ என்ற சந்தேகத்தை விட்டுவிடுங்கள். சௌராஷ்டிரத்தை வீட்டுமொழியாகக் கொண்ட எம்.வி.வெங்கட்ராம், ஜரிகை வணிகமும் செய்துகொண்டு, தமிழில் எழுதி 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். உங்கள் பதிவுகளில் இலக்கணப் பிழை அங்கங்கே இருக்கிறது. அதை ஒரு நண்பரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம். நான் கவலைப்பட்டது வேறொன்றுக்காக. புள்ளி வரிசைகளுக்கும் சாயத்தின் பதத்துக்கும் வீட்டில் அம்மா சொல்லும் பெயர்கள் ஒன்றுகூட உங்கள் எழுத்தில் இல்லை. அவற்றை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி, அதே வரியில் பொருளும் விளங்கும்படி செய்யுங்கள். அருஞ்சொற்பொருள் பட்டியல் வேண்டாம்.

பயிற்சி வகுப்பில் சொன்னது முழுக்கத் தவறென்று சொல்ல மாட்டேன். மக்கள் தேடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் 'பாரம்பரிய மதுரைச் சுங்குடி' என்பதைவிட, 'சுங்குடிச் சேலை சாயம் போகுமா' என்றுதான் கேட்பார்கள். கடையில் நின்றாலும் அதைத்தானே கேட்கிறார்கள்? முதல் தடவை கல்லுப்புக் கரைத்த தண்ணீரில் தனியாக ஊறப்போட வேண்டும், முதல் இரண்டு மூன்று அலசலில் சிவப்பும் கத்தரிப்பூ நிறமும் கொஞ்சம் இறங்கும், இறங்கினால் பயப்பட வேண்டாம், நிழலில் உலர்த்துங்கள் என்று உங்கள் அப்பாவிடம் கேட்டு ஒரு பதிவு எழுதினால், அதைத் தேடி வருபவர் மூன்று ஆண்டு கழித்தும் வருவார். ரீல்ஸுக்கு அத்தனை ஆயுள் இல்லை. அதனால் ரீல்ஸ் வேண்டாம் என்று அர்த்தமில்லை. சாயத்தில் முக்கி உலர்த்திய சேலையை இருவர் இரு பக்கம் பிடித்து இழுக்க, முடிச்சு நூல் தெறித்துப் புள்ளிகள் கண் திறப்பதை எந்த வருணனையைவிடவும் 20 விநாடிப் படம் நன்றாகக் காட்டிவிடும். பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம். நூல் தெறிக்கும் சத்தமே போதும்.

விற்பனைப் பக்கத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. உங்கள் இன்ஸ்டாகிராம் படங்களில் பாதிக்கு மேல் 'விலைக்கு டிஎம் செய்யவும்', அதாவது தனிச்செய்தியில் கேட்கவும் என்று இருக்கிறது. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் விலையைக் காதோடு காதாகத்தான் சொல்வேன் என்றால் நீங்கள் உள்ளே போவீர்களா? இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழே 2,200 எழுத்துவரை எழுத இடமிருந்தாலும், விரலால் தட்டாதவரை முதல் ஓரிரு வரிகள்தான் கண்ணில் படும். அங்கே சுட்டி கொடுத்தாலும் அது திறக்காது. எனவே அந்த முதல் வரியில் முடிச்சா அச்சா, எத்தனை மீட்டர், ரவிக்கைத் துணி உண்டா, விலை என்ன என்பதைச் சொல்லிவிடுங்கள். கதையை வலைப்பூவில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு ஒலிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) 256 பேர்வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இது பலருக்குத் தெரிவதில்லை. சேலையை அனுப்பும்போது உள்ளே ஒரு சீட்டு வைத்து எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நாள்தோறும் போட வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. என் முதல் புத்தகம் வந்தபோது அதன் அட்டைப்படத்தை நாற்பது நாள் விடாமல் பகிர்ந்தேன். என் சொந்த மைத்துனரே என்னை மியூட் செய்து வைத்திருந்தார் என்பது தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது தெரியவந்தது.

வலைப்பூவை யாரும் படிப்பதில்லை என்று அதை மூடிவிடாதீர்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. திருமலை நாயக்கர் காலத்து அந்த மண்டபத்தின் தூண்களுக்கு நடுவே, சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுபவர்களின் உடைகளைத் தைத்துக் கொடுத்த தையற்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் மண்டபத்திலிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. எனக்கு ஒரு தையற்காரரின் பெயரும் கைபேசி எண்ணும் தெரிந்திருந்ததால் நேரே புதிய கடைக்குப் போனேன். 'அந்த யாளித் தூணுக்கு எதிர்க்கடை' என்று மட்டும் தெரிந்து வைத்திருந்த என் சித்தப்பா, தூணருகில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, லட்சக்கணக்கானவர்கள் பின்தொடர்ந்த நம் ஊர்ப்பக்கத்துக் கலைஞர்கள் பலர், அவர்களில் ஒருவரைக்கூடக் கூப்பிட்டுச் சொல்ல வழியில்லாமல் நின்றார்கள். இன்ஸ்டாகிராமில் உங்களைப் பின்தொடர்பவர்கள் தூணை அறிந்தவர்கள். உங்கள் பதிவை வாசித்துவிட்டு எண்ணைச் சேமித்துக்கொள்பவர் தையற்காரரை அறிந்தவர். அந்த எண்களை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள், கைபேசி தொலையக்கூடியது.

எழுத்தை விற்பனைக்குப் பயன்படுத்துவது தவறா என்ற கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல ஒன்றுமில்லை. சேலையைப் பற்றி எழுதுகிறீர்கள், சேலை விற்கிறீர்கள். இதில் மறைக்க எதுவும் இல்லை. வேறொரு கடையின் சேலையைப் பணம் வாங்கிக்கொண்டு புகழ்ந்தால் மட்டும், பணம் வாங்கியதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

24ஆவது பதிவாக அம்மாவின் நகத்தைப் பற்றி எழுதுங்கள். மருதாணி வைக்க வந்த பெண் என்ன சொன்னார், அம்மா அதற்கு எந்த மொழியில் பதில் சொன்னார் என்பதையெல்லாம் அன்று விட்டுவிட்டீர்கள். எழுதி முடித்ததும் பழைய 23 பதிவுகளையும் திறந்து, அச்சுச் சேலைப் படங்கள் உள்ள இடங்களில் 'மெழுகு அச்சு' என்று சேர்த்துவிடுங்கள். பழையதை அழிக்க வேண்டாம்.

சித்திரைக்கு முன்னால் என் அக்காவுக்கு அரக்கு நிறத்தில் ஒரு முடிச்சுச் சேலை வேண்டும். விலையை டிஎம்மில் கேட்க மாட்டேன், பக்கத்தில் போடுங்கள். முடிச்சுகளை அவிழ்க்காமலே அனுப்புங்கள்; ஒரு முனையை அக்கா பிடித்துக்கொள்ள, மறுமுனையை நான் இழுக்க வேண்டும்.