வாசகர் கேள்வி: வேப் கருவியை எந்தப் பெட்டியில் வைப்பது?

கேள்வி: அடுத்த மாதம் வழியில் ஒரு விமானம் மாறி வெளிநாடு செல்லவிருக்கிறேன். பேட்டரியைக் கழற்றக்கூடிய வேப் கருவி (மின்சிகரெட்) ஒன்று, உபரி பேட்டரிகள் இரண்டு, பாதி தீர்ந்த 120 மில்லி வேப் திரவப் புட்டி ஒன்று, பிரிக்கப்படாத டிஸ்போசபிள் வேப் (தீர்ந்ததும் எறிந்துவிடும் வகை) சில ஆகியவற்றைக் கொண்டுபோக நினைக்கிறேன். கைப்பையில் வைத்தால் சோதனையில் தொல்லை வரும், எல்லாவற்றையும் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள் என்கிறார் பயண முகவர். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை, திரவப் புட்டியைத் தவிர மற்ற அனைத்துக்கும் விதி நேர்மாறானது. பேட்டரி உள்ள எந்த மின்சிகரெட்டும் பயணியுடன் விமான அறைக்குள்தான் வர வேண்டும், சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் இருக்கக் கூடாது என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2015-இல் வகுத்த விதி. 2014 ஆகஸ்டில் பாஸ்டன் விமான நிலையத்தில் ஒரு பயணியின் செக்-இன் பெட்டியும், 2015 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் இன்னொரு பெட்டியும் தீப்பற்றின. இரண்டுக்கும் உள்ளேயிருந்த மின்சிகரெட்டே காரணம்.

இதற்குப் பின்னாலுள்ள காரணத்தைப் புரிந்துகொண்டால் விதி மறக்காது. வேப் கருவியில் இருப்பது லித்தியம்-அயான் பேட்டரி. பையின் நெரிசலில் பொத்தான் அழுந்தி, திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளான ‘காயில்’ சூடேறினாலோ, பேட்டரியின் இரு முனைகளும் ஓர் உலோகப் பொருளால் இணைந்துவிட்டாலோ அது தானாகவே வெப்பமேறித் தீப்பற்றக்கூடும். சரக்கு அறையில் உள்ள தீயணைப்பு வாயு சுவாலையை அடக்குமே தவிர, பேட்டரிக்குள் நடக்கும் வெப்பத் தொடர்வினையை நிறுத்தாது. பயணிகள் அறையிலோ புகை எழுந்த கணமே யாராவது பார்த்துவிடுவார்கள். பணியாளர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க முடியும்.

எனவே கருவியை அணைத்து, திரவம் நிரப்பும் டேங்கைத் தனியாகக் கழற்றி, பேட்டரியையும் வெளியே எடுத்துவிடுங்கள். உபரி பேட்டரிகள் ஒவ்வொன்றையும் அதற்கென உள்ள பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். உறை இல்லையெனில் முனைகளை ஒட்டுநாடாவால் மூடித் தனித்தனிப் பையில் இடுங்கள். சாவியும் சில்லறைக் காசும் கிடக்கும் சட்டைப்பையில் வெறும் பேட்டரியைப் போடுவது விமானத்தில் மட்டுமல்ல, தரையிலும் ஆபத்தானது. ஒரு பேட்டரிக்கு 100 வாட்-மணி (அது சேமிக்கும் மின்னாற்றலின் அளவு) வரை அனுமதி உண்டு. 3.7 வோல்ட், 3000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஏறத்தாழ 11 வாட்-மணிதான் என்பதால் அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். பிரிக்காத டிஸ்போசபிள் வேப்புக்குள்ளும் பேட்டரி இருக்கிறது. புதியது, பரிசுப்பொருள் என்றெல்லாம் எண்ணி அதைப் பெட்டியில் வைப்பதுதான் பலரும் செய்யும் பிழை.

ஒன்றை விசேஷமாக நினைவில் வையுங்கள். விமானம் நிறைந்திருந்தால், ஏறும் வாசலில் கைப்பையை வாங்கிச் சரக்கு அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அவசரத்தில் பையைக் கொடுத்துவிட்டால் விதி மீறப்பட்டதாகிவிடும். எனவே கருவியும் பேட்டரிகளும் சட்டென வெளியே எடுக்கக்கூடிய ஒரு சிறு பையில் இருக்கட்டும். விமானத்துக்குள் கருவியைச் சார்ஜ் செய்யவும் அனுமதி இல்லை.

திரவத்தைப் பொறுத்தவரை, கைப்பையில் வைக்கும் புட்டியின் கொள்ளளவு 100 மில்லிக்கு மிகக் கூடாது என்பது 2006 முதல் பரவலாக நடைமுறையில் இருக்கும் வரம்பு. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கில்லை. பாதி தீர்ந்த 120 மில்லி புட்டியும் குப்பைத் தொட்டிக்கே போகும். புதிய ஸ்கேனர்கள் வந்தபின் சில விமான நிலையங்களில் இந்த வரம்பு தளர்ந்திருக்கிறது. ஆனால் நீங்கள் விமானம் மாறும் இடத்திலும் திரும்பி வரும் இடத்திலும் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். சிறு புட்டிகளுக்கு மாற்றி, ஒளிபுகும் ஒரு லிட்டர் பையில் மற்ற திரவங்களோடு சேர்த்து வையுங்கள். மாற்றிய புட்டியில் பெயரும் நிகோட்டின் அளவும் எழுதியிருந்தால் சோதனையில் பேச்சு குறையும். பெரிய புட்டியை அப்படியே கொண்டுபோக வேண்டுமானால், விமான நிறுவனத்தின் விதியைப் பார்த்துவிட்டுச் செக்-இன் பெட்டியில் வைக்கலாம்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் விமானம் மேலேறியதும் டேங்கிலிருந்து திரவம் கசிகிறது. கருவியில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் கோளாறு இல்லை, காற்றழுத்தமே காரணம். பறக்கும்போது விமான அறையின் அழுத்தம் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதற்குச் சமமாக இருக்கும். அதாவது தரைமட்ட அழுத்தத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்குக்கு இறங்கும். தரையில் டேங்குக்குள் அடைபட்ட காற்று அங்கே மூன்றில் ஒரு பங்கு விரிந்து, காயிலின் பஞ்சு வழியாகத் திரவத்தை வெளியே தள்ளுகிறது. பாதி நிரம்பிய டேங்க் அதிகம் கசிவது அதில் காற்று அதிகம் என்பதால்தான். டேங்கைக் காலியாகத் துடைத்து எடுத்துச் செல்வதே சிறந்தது. காலி செய்ய முடியாத பாட்களை (திரவம் அடைத்தே வரும் சிறு குப்பிகளை) இறுக மூடும் பையில் நிமிர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் புட்டியை மூடும் முன் சற்றே அழுத்திக் காற்றை வெளியேற்றினால் விரிவதற்கு இடம் இருக்கும். சரக்கு அறையிலும் அழுத்தம் இதே அளவுதான், ஆகவே பெட்டிக்கு மாற்றினால் கசிவு நின்றுவிடாது, துணிகள்தான் நனையும். நிகோட்டின் திரவம் தோல் வழியாக உடலுக்குள் ஊறக்கூடியது. கசிந்ததை வெறுங்கையால் துடைக்காமல் காகிதத்தால் துடைத்து, கையைக் கழுவுங்கள்.

கேள்வி: விமான நிறுவனம் அனுமதித்தால் போதுமா? இறங்கும் நாட்டில் கேட்பார்களா?

பதில்: கேட்பார்கள், இதை முதலில் விசாரித்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும் என்பேன். விமான விதி தீயைப் பற்றியது, நாட்டின் சட்டம் பொருளைப் பற்றியது. ஒன்றின் அனுமதி மற்றதற்குப் பொருந்தாது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் மின்சிகரெட்டை வைத்திருப்பதே குற்றம். தாய்லாந்து 2014 முதல் இறக்குமதியைத் தடை செய்துள்ளது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் சட்டப்படி இறக்குமதிக்கு முதல்முறை ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஹாங்காங் 2022 ஏப்ரல் 30 முதலும், மாலத்தீவு 2024 நவம்பர் முதலும் இறக்குமதியைத் தடுக்கின்றன. மாலத்தீவின் தடை சுற்றுலாப் பயணிகளையும் விட்டுவைக்கவில்லை. ஆஸ்திரேலியா இப்படி முழுக்க மூடவில்லை. பயணி தன் சொந்த உபயோகத்துக்கு இரண்டு கருவிகளும் 200 மில்லி திரவமும் கொண்டுவரலாம்.

விமானம் மாறும் நாட்டையும் மறக்க வேண்டாம். பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருந்தாலோ, இரவு வெளியே தங்க நேர்ந்தாலோ, நீங்கள் அந்த நாட்டின் சுங்கத்தைக் கடந்தவராகிறீர்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால் புறப்படும் வாரத்தில் அந்நாட்டுச் சுங்கத்துறையின் இணையதளத்தைப் பாருங்கள். தடை உள்ள நாடு என்றால், கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டு, மருந்தகத்தில் கிடைக்கும், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: புகை நாற்றமே இல்லையே, விமானக் கழிவறையில் இரண்டு இழுப்பு இழுத்தால் யாருக்குத் தெரியும்?

பதில்: அங்கிருக்கும் புகை உணரிக்குத் தெரியும், அதற்கு நாற்றம் தேவையில்லை, காற்றில் மிதக்கும் நுண்துளிகளே போதும். அமெரிக்கா 2016-இல் விமானத்துக்குள் மின்சிகரெட்டைத் தெளிவாகத் தடை செய்தது, மற்ற நாடுகளின் விமான நிறுவனங்களும் அதைச் சிகரெட்டைப் போலவே நடத்துகின்றன. தரையிறங்கியதும் காவலர்கள் வாசலில் காத்திருக்கக்கூடும்.