டிரெய்லரை மாட்டும் முன் எடை மேடைக்குப் போய்வாருங்கள்

கேள்வி: மேலூர் பக்கம் ஒலி, ஒளி அமைப்புத் தொழில் செய்கிறேன். இதுவரை ஜெனரேட்டரை வாடகை டிராக்டரில் மாட்டி இழுத்துவந்தோம். திருவிழாக் காலத்தில் டிராக்டர் கிடைப்பதில்லை. ஒரு பிக்கப் வாங்கி, ஜெனரேட்டர் டிரெய்லரை அதிலேயே மாட்டிக்கொள்ள நினைக்கிறேன். டிரெய்லரோடு சேர்த்து ஜெனரேட்டர் 1,500 கிலோ வரும். ஸ்பீக்கர், விளக்குச் சாமான் 600 கிலோ. கேபிள் 200 கிலோ. என்னோடு சேர்த்து ஐந்து பேர். ஐவரும் உட்காரும்படி இரட்டை கேபின் வண்டியாகப் பார்க்கிறேன். ஷோரூமில், 'இந்த மாதிரி பிக்கப்பெல்லாம் மூன்றரை டன் இழுக்கும், வெளிநாட்டு வீடியோவைப் பாருங்கள்' என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: வீடியோவில் வருவது உண்மையாகவே இருக்கலாம். டொயோட்டா ஹைலக்ஸ் ஆஸ்திரேலியாவில் 3,500 கிலோ இழுக்கும் என்றுதான் விற்கப்படுகிறது. ஆனால் அது அந்த நாட்டு வண்டிக்கு, தனி பிரேக் பொருத்திய டிரெய்லருக்குக் கொடுத்த எண். நீங்கள் வாங்கப்போகும் வண்டிக்கு எவ்வளவு என்பதை அதனுடன் வரும் இந்தியக் கையேடுதான் சொல்ல வேண்டும். அதில் இழுவை எடை என்று ஒன்று அச்சிடப்படவில்லை என்றால், விற்பனையாளர் வாயால் சொல்லும் டன் கணக்குக்கு மதிப்பில்லை. கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அதிலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இழுவையைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. இன்றைய டீசல் என்ஜின்கள் சமதளத்தில் எதையும் நகர்த்திவிடும். ஆட்களும் சாமானும் ஏறிய பிறகு டிரெய்லரின் முன்பாரத்தைத் தாங்க வண்டியில் எடை மிச்சம் இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். இரண்டு சக்கர டிரெய்லரிலும் அதேதான் நடக்கிறது. அதன் மொத்த எடையில் பத்து சதவீதம் அளவுக்கு முன்பாரமாகக் கொக்கியில் அமர வேண்டும். மிகவும் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் முற்றினால் முன்னால் போகும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கும். உங்கள் டிரெய்லர் இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா என்று எழுதவில்லை. முன் அச்சு தனியாகத் திரும்பும் நான்கு சக்கர வகை என்றால் கொக்கியில் பாரம் அநேகமாக இருக்காது. இரண்டு சக்கரம் என்றே வைத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம்.

ஒரு டன் பாரம் என்று போட்ட இரட்டை கேபின் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர், ஆளுக்கு 70 கிலோ என்றால் 350. கேபிள் 200. ஏணி மாட்டும் சட்டம், கருவிப்பெட்டி 80. கொக்கியும் அதன் இரும்பும் 30. டிரெய்லரின் முன்பாரம் 150. ஆக 810 கிலோ. மிச்சம் 190. நீங்கள் ஏற்ற வேண்டிய ஸ்பீக்கரும் விளக்கும் 600. ஜெனரேட்டரை இழுக்கும் முன்பே வண்டி 410 கிலோ அதிகப் பாரத்தில் நிற்கிறது. பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் கூட்டிப் போட்டால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்வார்கள். பிளேட் கூட்டினால் வண்டி தாழாது, அவ்வளவுதான். அச்சும் டயரும் பிரேக்கும் பழையவைதான், ஆர்.சி.யில் எழுதிய எடையும் மாறாது.

இன்னொரு சங்கதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கொக்கி இருப்பது பின் அச்சுக்கும் பின்னால். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 3 மீட்டர் இடைவெளி, கொக்கி பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி என்று வையுங்கள். கொக்கியில் அமரும் 150 கிலோ, பின் அச்சில் 210 கிலோவாக விழும். முன் சக்கரங்களிலிருந்து 60 கிலோவைத் தூக்கிவிடும். திருப்புவதும் பெருமளவு பிரேக் பிடிப்பதும் முன் சக்கரங்கள். ஆண்டிபட்டிக் கணவாயில் இறங்கும்போது இந்த 60 கிலோவின் அருமை தெரியும்.

ஒற்றை கேபினுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. பொலேரோ மேக்ஸ் பிக்கப் 1.3 டன்னில் தொடங்கி 2 டன் வரை பல அளவுகளில் வருகிறது. டாட்டா யோதா 2.0 வண்டியும் 2 டன் வரை ஏற்றுகிறது. 1.7 டன் வண்டியில் முன்னால் மூன்று பேர் 210, கேபிள் 200, சட்டமும் பெட்டியும் 80, கொக்கி 30, முன்பாரம் 150, ஸ்பீக்கர் வகையறா 600. மொத்தம் 1,270. இன்னும் 430 கிலோ கையில் இருக்கிறது. மீதி இரண்டு பேர் பைக்கில் வரட்டும். பின்னால் சாமான் மேல் உட்காரவைக்காதீர்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி கூடாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும்.

ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் போன்ற வண்டிகள் மேல் ஆசை இருந்தால் ஒரு வார்த்தை: பார்வைக்கு மலைபோல் நிற்கும், உட்கார சொகுசு. ஆனால் இந்தியப் பதிவில் அவற்றுக்குக் கொடுத்த பாரம் ஒரு சாதாரண பொலேரோ பிக்கப்பைவிட மிகக் குறைவு. ஹைலக்ஸ் விலையோ ஏறக்குறைய மூன்று மடங்கு. பந்தல் தொழிலுக்கு அது வேண்டாம் என்பேன்.

2 டன் வண்டி வாங்கி ஜெனரேட்டரை மேலேயே ஏற்றிக்கொண்டால் என்ன என்றும் யோசித்துப் பாருங்கள். டிரெய்லர் பதிவு, கொக்கி, ஆட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஸ்பீக்கருக்கு இன்னொரு நடை அடிக்க வேண்டும், விடிய விடியக் கூத்து நடக்கும் ஊரில் வண்டியும் அங்கேயே முடங்கும். டிரெய்லர் என்றால் இறக்கிவிட்டு அடுத்த ஊருக்கு ஓடலாம். சீசனில் ஒரே இரவில் இரண்டு ஊர் பார்ப்பவர் என்றால் டிரெய்லர்தான் கட்டுப்படியாகும்.

டிரெய்லர் என்று முடிவெடுத்தால் முதலில் பிரேக். இங்கே வகைப்பாட்டில் 750 கிலோ வரைதான் சிறு டிரெய்லர். உங்களுடையது அதைப் போல் இரண்டு மடங்கு. டிராக்டருக்காகப் பட்டறையில் செய்த டிரெய்லர் பலவற்றில் பிரேக்கே இருக்காது. டிராக்டரின் வேகத்தில் அது தெரியாது. நான்கு வழிச்சாலையில் பிக்கப் 60, 70 கிலோமீட்டரில் போகும்போது, பிரேக் இல்லாத ஒன்றரை டன் பின்னாலிருந்து தள்ளினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். டிராக்டர் கொக்கியின் உயரமும் பிக்கப் கொக்கியின் உயரமும் வேறு. டிரெய்லர் மட்டமாக நிற்கும்படி இழுவைக் கம்பியை மாற்றியமைக்க வேண்டியிருக்கும். கொக்கியை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு போல்ட் போட்டுப் பிணைக்க வேண்டும், பம்பரில் வெல்டிங் வைப்பதெல்லாம் கூடாது. பின்விளக்கு, இண்டிகேட்டர் வயர், கொக்கி கழன்றால் பிடித்துக்கொள்ளும் சங்கிலி ஆகியவையும் வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். 61-ஆம் பிரிவின் கீழ் அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும். புதிதாக டிரெய்லர் வாங்கினால் விற்பனைச் சான்றான படிவம் 21, சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22 இரண்டும் தருவார்களா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். அதிகப் பாரத்துக்கு 194-ஆம் பிரிவில் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. காப்பீட்டுப் பாலிசியில் டிரெய்லரும் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த 1,500 கிலோ நீங்கள் எடைபோட்டதா, விற்றவர் சொன்னதா? தகட்டில் இருப்பது பெரும்பாலும் டீசல் ஊற்றாத எடை. நூறு லிட்டர் டீசலே 83 கிலோ. ஒரு நிகழ்ச்சிக்குக் கிளம்பும் கோலத்தில் டிரெய்லரை எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். முன்பாரத்தை அறிய, பழைய இரும்புக் கடையிலோ காய்கறி மண்டியிலோ இருக்கும் தட்டுத் தராசில் இழுவைக் கம்பியின் முனையைத் தாங்கவைத்தால் போதும். பிக்கப் வந்த பிறகு எல்லாவற்றையும் ஏற்றி, டிரெய்லரையும் மாட்டி, பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி இன்னொரு சீட்டு வாங்குங்கள். ஆர்.சி.யில் உள்ள பின் அச்சு எடையை அது தாண்டினால் சாமானைக் குறைத்தே ஆக வேண்டும்.

கேள்வி: பாலமேடு அருகே இரண்டு ஜல்லிக்கட்டுக் காளைகள் வளர்க்கிறேன். பிக்கப்பின் பின்னால் டிரெய்லர் மாட்டிக் கொண்டுபோகலாமா?

பதில்: வேண்டாம். உயிருள்ள பாரம் ஒரு இடத்தில் நிற்காது. காளை ஓரடி பின்னால் நகர்ந்தால் மேலே சொன்ன முன்பாரம் முழுவதும் மாறிவிடும். பிக்கப்பின் மேலேயே ஏற்றுங்கள். வாகன விதிகள் ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் தனித் தடுப்பு கேட்கின்றன. அதன்படி தடுப்பு அடித்து, தரையில் வழுக்காதபடி வைக்கோலோ மணலோ பரப்புங்கள். இரண்டு காளை, இரண்டு ஆள், தீவனம் என்றாலும் ஒன்றே கால் டன் வண்டிக்குத் தாராளம்.

கேள்வி: திருமங்கலத்தில் சொந்தமாக வண்டி ஓட்டுகிறேன். ஒன்றரை டன் ஏறும் என்று சொல்லி ஒரு பிக்கப்பை விற்றார்கள். பாடி கட்டிப் பதிவு செய்தபின் ஆர்.சி.யில் மொத்த எடை 2,990, வெறும் எடை 1,740. கணக்கிட்டால் 1,250தான். ஏமாந்துவிட்டேனா?

பதில்: 250 கிலோவைப் பாடி தின்றிருக்கிறது. விற்பனைத் தாளை எடுத்துப் பாருங்கள். ஒன்றரை டன் என்பது பாடி இல்லாத சேசிஸுக்கு என்று அதில் இருந்தால் சட்டப்படி உங்கள் கை தாழ்ந்தது. பாடி கட்டியவரிடம் கனமான தகடு போட்டாயே என்று கேட்கலாம், அவ்வளவே. 'பாடியுடன் ஒன்றரை டன்' என்று விலைப்பட்டியலிலோ வாட்ஸ்அப் செய்தியிலோ எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. சம்பாதிக்க வாங்கிய வண்டிக்கு நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று யாராவது உங்களை மிரட்டலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவரை நுகர்வோராகவே ஏற்கிறது. நீங்களே ஓட்டுவது இங்கே உங்களுக்குப் பலம். மூன்று வண்டி வைத்து டிரைவர் போட்டிருந்தால் வாதம் பலவீனப்படும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் பதியுங்கள். பலன் இல்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் கட்டணம் 200 ரூபாய்தான். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எடை மேடைச் சீட்டும் ஆர்.சி. நகலும் மனுவோடு இருக்கட்டும்.

ஒரு ஆறுதல்: மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் பெர்மிட் விலக்கு உண்டு. பாரத்தைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது மொத்த எடையை மாற்றி எழுதச் சொன்னால் அந்தச் சலுகையும் போய்விடும்.