கோத்தகிரியில் வீட்டில் இருந்தபடியே கோடிங் இன்டர்வியூவுக்குத் தயாராக முடியுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். சாஃப்ட்வேர் கம்பெனிகளின் கோடிங் இன்டர்வியூவுக்குத் தயாராக வேண்டுமென்றால் கோயம்புத்தூரில் ரூம் எடுத்துத் தங்கி கோச்சிங் சேர வேண்டும் என்கிறார்கள். வீட்டில் இருந்தே முடியாதா? எத்தனை கணக்கு போட்டால் போதும்?

பதில்:

முடியும். நான் அரவேணு பக்கத்தில் எங்கள் வீட்டில் இருந்துதான் தயாரானேன். இப்போது வேலை பார்ப்பதும் அதே வீட்டில்தான். மாதம் நாலைந்து பேரை நானே இன்டர்வியூ எடுக்கிறேன். ஆக, கேள்விக்குப் பதில் தெரியாமல் முழித்த அனுபவமும் உண்டு, எதிரில் இருப்பவர் முழிப்பதைப் பார்த்துச் சங்கடப்படும் அனுபவமும் உண்டு.

"எத்தனை கணக்கு" என்பதற்கு முதலில் வருகிறேன். முதல் இன்டர்வியூவுக்குப் போகும்போது லீட்கோடில் (கோடிங் கணக்கு போட்டுப் பழகும் இணையதளம்) 312 கணக்கு முடித்திருந்தேன். அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போயிருந்தேன். பெங்களூரில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். வீடியோ அழைப்பில் வந்தவர் கேட்டது நான் மூன்று வாரத்துக்கு முன்பு போட்டு முடித்த அதே கணக்கு. எண்கள் வரிசையாக இருக்கின்றன, அடுத்தடுத்து வரும் எண்களைச் சேர்த்தால் 7 வரும் துண்டுகள் எத்தனை? அவர் கொடுத்த வரிசை 3, 4, -2, 2, 7.

மனதுக்குள் ஒரே குஷி. ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு நிமிடம் கீபோர்டு சத்தம் மட்டும்தான். முதலில் இருந்து கூட்டிக்கொண்டே வந்தால் 3, 7, 5, 7, 14 என்று மொத்தங்கள் கிடைக்கும். இரண்டு மொத்தங்களுக்கு நடுவே வித்தியாசம் 7 என்றால் அங்கே ஒரு துண்டு இருக்கிறது என்று அர்த்தம். பார்த்த மொத்தங்களை ஹேஷ் மேப்பில் (கேட்டதை உடனே தேடி எடுத்துத் தரும் அட்டவணை) போட்டு வைத்துத் தேடினால் ஒரே ஓட்டத்தில் வேலை முடிந்துவிடும். எழுதி முடித்தேன். விடை 2 என்று வந்தது. சரியான விடை 4.

அவர் பொறுமையானவர். "முதல் எண்ணில் இருந்தே தொடங்கும் துண்டு உங்கள் கணக்கில் வருகிறதா?" என்று கேட்டார். அது கேள்வியே இல்லை, கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். எனக்கு அது புரியவில்லை. நான் எழுதியது மனப்பாடம். மனப்பாடத்தில் ஒரு வரி விட்டுப் போனால் எந்த வரி என்று தேடத் தெரியாது. பத்து நிமிடம் அங்கே இங்கே மாற்றிப் பார்த்தேன், நேரம் முடிந்தது.

அன்று சாயங்காலம் அம்மா வாசல்படியில் இலைக் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு ஒரு ஏக்கருக்கும் கொஞ்சம் கூடத் தேயிலை. பறிக்கும் பச்சை இலையை ஃபேக்டரி வண்டிக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டு, அன்றைய கிலோவையும் பக்கத்திலேயே அதுவரைக்குமான மொத்தத்தையும் அம்மா எழுதி வைப்பார். பத்தாம் தேதியில் இருந்து இருபது வரை எவ்வளவு என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார். இருபதாம் தேதி மொத்தத்தில் இருந்து ஒன்பதாம் தேதி மொத்தத்தைக் கழித்தார்.

"ஏம்மா, பத்துல இருந்துதானே வேணும்? ஒன்பதை எதுக்குக் கழிக்கிறே?"

"பத்தாந்தேதி மொத்தத்தைக் கழிச்சா அன்னிக்குப் பறிச்ச இலையும் சேந்து போயிருமே கண்ணு."

"ஒண்ணாந்தேதியில இருந்து வேணும்னா?"

"அதுக்குத்தான் மேல சைபர் போட்டிருக்கேன், பாரு."

பார்த்தேன். மாதத் தொடக்கத்தில், முதல் தேதிக்கும் மேலே, ஒரு கோடு இழுத்து 0 என்று எழுதியிருந்தார். ஹேஷ் மேப்பில் நான் போடாமல் விட்டது அந்த சைபரைத்தான். மொத்தம் 7 என்று இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டுக்கும் ஆரம்பத்தில் உள்ள 0-வோடு வித்தியாசம் 7. அந்த இரண்டும் விடுபட்டதால்தான் 4 என்பது 2 ஆனது. (இலைக் கணக்கில் மைனஸ் வராது, கோடிங் கணக்கில் வரும் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.)

அம்மா எட்டாவது வரை படித்தவர். அவருக்கு அது தெரிந்ததும் எனக்குத் தெரியாமல் போனதும் எதனால் என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஒவ்வொரு எண்ணும் எதைக் குறிக்கிறது என்று அவரால் வாயால் சொல்ல முடியும், என்னால் முடியாது. அவ்வளவுதான்.

எனவே எத்தனை கணக்கு என்று எண்ணாதீர்கள். போட்ட கணக்கில் எத்தனையை, திரையைப் பார்க்காமல், இன்னொருவருக்குச் சொல்லி விளக்க முடிகிறது என்று எண்ணுங்கள். அந்த 312-ஐ நான் இப்படி வடிகட்டிப் பார்த்தபோது அறுபதுதான் தேறியது. மிச்சத்தை மறந்துவிட்டு அந்த அறுபதில் இருந்து மறுபடி ஆரம்பித்தேன். இரண்டாவது சுற்றில் மொத்தம் 140 தான் போட்டேன், வேலை கிடைத்தது.

இன்னொரு உதவி மின்வாரியத்தின் தயவால் வந்தது. நவம்பர் மழையில் சில்வர் ஓக் மரம் ஒயர் மேல் விழுந்து நாலு நாள் கரண்ட் இல்லை. லேப்டாப் முதல் நாள் மதியமே படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் பேப்பரில் எழுத ஆரம்பித்தேன். லிங்க்டு லிஸ்டை (ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தைக் காட்டும் சங்கிலி) திருப்பிப் போடுவது என்றால் கட்டம் கட்டமாக வரைந்து, முந்தையது, இப்போதையது, அடுத்தது என்று மூன்று அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு படியிலும் எந்த அம்பு எங்கே நகர்கிறது என்று அழித்து அழித்து வரைய வேண்டும். அடுத்ததைக் குறித்து வைக்காமல் அம்பைத் திருப்பினால் மிச்ச லிஸ்ட் முழுக்கக் காணாமல் போகும் என்பது பேப்பரில்தான் கண்ணில் படும். கம்ப்யூட்டரில் 'ரன்' பட்டன் இருக்கும்வரை, தப்பை அது காட்டட்டும் என்று நம் மூளை சும்மா இருந்துவிடும். பல கம்பெனிகளின் இன்டர்வியூவில் ரன் பட்டனே கிடையாது, வெறும் எழுதுபலகை மாதிரி ஒரு பக்கம்தான் தருவார்கள். அந்த நாலு நாளில் கற்றதை முழு செமஸ்டரிலும் கற்கவில்லை.

கணக்கைப் படித்ததும் முதலில் பார்க்க வேண்டியது கடைசியில் சின்னதாகப் போட்டிருக்கும் அளவு வரி. வரிசையில் எத்தனை எண்கள் வரலாம் என்று அதில் இருக்கும். சாதாரணமாக ஒரு விநாடியில் ஏறத்தாழ 10 கோடி எளிய படிகள் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் 1 லட்சம் என்றால், ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடும் இரட்டை லூப் 1,000 கோடி படி. அது தேறாது. வரிசைப்படுத்திவிட்டுச் செய்தால் 1 லட்சத்தை 17-ஆல் (1 லட்சத்தைப் பாதி பாதியாக வெட்டினால் சுமார் 17 தடவையில் ஒன்றாகிவிடும்) பெருக்கினால் வரும் 17 லட்சம் படிதான், கண் சிமிட்டும் நேரம். ஆக அந்த ஒரு வரியே எந்த வழியில் போகக் கூடாது என்று சொல்லிவிடுகிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த வரியைப் படிப்பதே இல்லை. ஆனால் ஒன்று: மெதுவான வழி தெரிந்தால் அதை முதலில் வாயால் சொல்லிவிடுங்கள். "இப்படிச் செய்யலாம், ஆனால் 1 லட்சத்துக்குத் தாங்காது" என்று சொல்பவருக்கு என் மனதில் அப்போதே பாதி மதிப்பெண் விழுந்துவிடும்.

வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் பைனரி சர்ச் எளிது என்று எல்லோரும் தாண்டிப் போவார்கள். தாண்டாதீர்கள். நடுவைக் கண்டுபிடிக்க இரண்டு முனையையும் கூட்டி இரண்டால் வகுப்போம் இல்லையா? ஜாவா மொழியில் இன்ட் என்ற முழு எண் வகை 2,14,74,83,647 வரைதான் தாங்கும். முனைகள் இரண்டும் பெரிதாக இருந்தால் கூட்டும்போதே வழிந்து மைனஸாகிவிடும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தத் தப்பு சுமார் ஒன்பது வருடம் கவனிக்கப்படாமல் கிடந்தது. அந்தப் பகுதியை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006-ல் அதைத் தானே வெளியில் சொன்னார். கீழ் முனையோடு வித்தியாசத்தில் பாதியைக் கூட்டினால் தீர்ந்தது. நீங்கள் தப்பு விட்டால் கூனிக் குறுக வேண்டாம் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

பாட வரிசை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரே, ஸ்ட்ரிங், ஹேஷ் மேப் மூன்றும் கையில் சரளமாக வரட்டும். பிறகு ஸ்டாக், க்யூ, லிங்க்டு லிஸ்ட், ரிகர்ஷன், ட்ரீ, கிராஃப். டைனமிக் புரோகிராமிங்கைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரிகர்ஷன் புரியாமல் அதைத் தொட்டால் வெறுப்புதான் மிஞ்சும். பைதான், ஜாவா, சி பிளஸ் பிளஸ் எதுவானாலும் சரி, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள். காசு கொடுத்துக் கோச்சிங் போக வேண்டிய அவசியமில்லை. சென்னை கணிதவியல் கழகத்துப் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைதானில் டேட்டா ஸ்ட்ரக்சர் எடுத்த பாடம் என்பிடெல்லில் (ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் தளம்) இலவசமாகவே இருக்கிறது. நிதானமாக, சுத்தமாகச் சொல்லித் தருவார்.

ஒரு நோட்டு போடுங்கள். அதில் விடையை எழுத வேண்டாம், எங்கே மாட்டினேன் என்பதை மட்டும் ஒரே வரியில் எழுதுங்கள். என் நோட்டில் முதல் வரி "சைபரை மறந்தேன்". இரண்டாவது, "வரிசை காலியாக வந்தால் என்ன ஆகும் என்று கேட்கவில்லை". மாட்டிய கணக்கை மூன்று நாள் கழித்து ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, வெள்ளைத்தாளில் முதலில் இருந்து போடுங்கள்.

வாய்விட்டுப் பேசிப் பழக ஆள் வேண்டும். எனக்குக் கட்டபெட்டில் ஒரு நண்பன் இருந்தான். வாரம் இரண்டு ராத்திரி போனில் ஒருவரை ஒருவர் இன்டர்வியூ எடுப்போம். வீட்டுக்குள் டவர் கிடைக்காது, பின்னால் மேட்டில் ஏறினால்தான் கிடைக்கும். நம் ஊர்க் கரடி விஷயம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கையில் டார்ச், ஒரு காதில் இயர்போன், கண் முழுக்கத் தேயிலைக் காட்டின் மேல், வாயில் கிராஃப் விளக்கம். அந்தப் பயத்தில் பேசிப் பழகியவனுக்கு இன்டர்வியூ அறை ஒன்றுமே இல்லை. (பகலில் செய்யுங்கள், நான் செய்தது முட்டாள்தனம்.)

இங்கிலீஷ் பயம் இருக்கும். முதல் மாதம் முழுக்கத் தமிழிலேயே விளக்கிப் பழகினேன். யோசனை தெளிவானபின் மொழியை மாற்றுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஏற்கெனவே பாதிச் சொற்கள் இங்கிலீஷில்தானே இருக்கின்றன. இலக்கணப் பிழைக்காக நான் இதுவரை யாரையும் தள்ளியதில்லை. பேசாமல் இருந்ததற்காகத் தள்ளியிருக்கிறேன். பக்கத்துத் திரையில் ஏஐ எழுதித் தந்ததைப் பார்த்து வாசித்தவர்களையும் தள்ளியிருக்கிறேன். கண் ஒரே பக்கமாக ஓடுவது நன்றாகவே தெரியும். நான் கேள்வியில் ஒரு நிபந்தனையை மாற்றியதும் பேச்சு நின்றுவிடும்.

எல்லாக் கம்பெனியும் இதையே கேட்காது. பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் முதலில் ஆப்டிட்யூட், பிறகு ஒன்றிரண்டு எளிய கோடிங் கணக்கு, பிறகு உங்கள் புராஜெக்ட் பற்றிய பேச்சு, அவ்வளவோடு முடியலாம். சொந்தமாகப் பொருள் செய்து விற்கும் கம்பெனிகளில்தான் மேலே சொன்ன கெடுபிடி. கல்லூரிக்கு வரும் முதல் வகையை வேண்டாம் என்று விடாதீர்கள். அது நல்ல ஒத்திகை. காலமும் இதைப் பொறுத்துத்தான். முதல் வகைக்கு இரண்டு மாதம் போதும். இரண்டாவதற்கு, தினம் இரண்டு மணி நேரம் என்று வைத்தால், ஐந்தாறு மாதம் ஆகும்.

ஆன்லைன் இன்டர்வியூ என்றால் இரண்டு கம்பெனி சிம் வைத்துக்கொள்ளுங்கள், போனை முழுக்க சார்ஜ் போட்டு வையுங்கள். மலையில் இருக்கிறேன், கரண்ட் போகலாம், போனால் இந்த எண்ணில் இருந்து கூப்பிடுவேன் என்று ஹெச்.ஆருக்கு முந்தின நாளே ஒரு மெயில் போட்டுவிடுங்கள். தேதி கேட்டால் நம் பக்கத்தில் அக்டோபர், நவம்பரைத் தவிருங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் ஜூன், ஜூலையைத் தவிர்க்கட்டும். ஒரு வாரம் தள்ளிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். என்னிடம் கேட்டவர்கள் யாருக்கும் நான் மறுத்ததில்லை.