மரத்தைக் காட்டுனவனையே பிடிச்சுட்டுப் போனார்

அன்புள்ள அண்ணா,
பையனுக்கு ஸ்கூல்ல, கனடாவுக்குக் கப்பல்ல போன பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்த்தியே பத்தி ப்ராஜெக்ட். ஸ்பெயின்காரங்க மெக்சிகோல பண்ண மாதிரி இவர் ஊரை அழிச்சதா எங்கயும் காணோம். நல்ல மனுஷன்னு எழுதலாமா?
ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள தம்பி,

ஊரை அழிக்கலைங்கிறது சரிதான். ஆனா நல்லவர்னு எழுதுறதுக்கு முன்னாடி பையன்கிட்ட டொமகாயாவைப் பத்தி சொல்லுங்க.

கார்த்தியே பிரான்ஸ்ல சேன் மாலோ துறைமுகத்துக்காரர். பிரெஞ்சு ராஜா முதலாம் பிரான்சுவாவுக்குத் தங்கமும் வேணும், ஆசியாவுக்கு ஒரு கடல்வழியும் வேணும். அதுக்காக 1534 ஏப்ரல்ல ரெண்டு கப்பல், 61 ஆளோட கிளம்பி இருபதே நாள்ல வட அமெரிக்கக் கரையைத் தொட்டுட்டார், அந்தக் காலத்துக்கு அது அசாத்தியமான வேகம். ஜூலை 24ஆம் தேதி காஸ்பேங்கிற இடத்துல முப்பது அடி சிலுவை ஒண்ணு நட்டு, அதுல பிரெஞ்சு ராஜா வாழ்கன்னு எழுதி வச்சாங்க. அங்க இருந்த பூர்வகுடி மக்களோட தலைவர் டொன்னகோனா கரடித்தோலைப் போத்திக்கிட்டு படகுல வந்து, சிலுவையைக் காட்டி, சுத்தியிருக்கிற நிலத்தைக் காட்டி, இதெல்லாம் எங்களுது, எங்களைக் கேக்காம எப்படி நட்டேன்னு சைகையிலயே சண்டை போட்டார். கப்பலுக்கு அடையாளத்துக்குத்தான் நட்டோம்னு கார்த்தியே பொய் சொல்லிட்டு, அவரோட ரெண்டு பசங்களைக் கப்பல்லயே பிரான்ஸுக்குக் கொண்டுபோயிட்டார். அதுல ஒருத்தன்தான் டொமகாயா.

அடுத்த வருஷம் அந்தப் பசங்களே வழிகாட்டி. அவங்க ஊருக்குப் போற வழியைச் சொல்லும்போது கனாட்டான்னாங்க, அவங்க பாஷையில ஊருன்னு அர்த்தம், கனடாங்கிற பேரு அதுலேர்ந்துதான் வந்துச்சு. செயின்ட் லாரன்ஸ் ஆத்துல இன்னைக்கு மாண்ட்ரியல் இருக்கிற இடம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி, இப்போ கியூபெக் சிட்டி இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல குளிர்காலத்தைக் கழிச்சாங்க. நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் கப்பலே பனிக்கட்டியில உறைஞ்சு நின்னுச்சு. அப்போதான் ஸ்கர்வி வந்துச்சு, காய்கறி பழம் இல்லாம வைட்டமின் சி குறைஞ்சு வர்ற நோய், ஈறு அழுகி பல்லு விழும், காலு வீங்கும். 110 பேர்ல 25 பேர் செத்தாச்சு, நல்லா நடமாடுனவங்க பத்துப் பேருகூட இல்ல, இது வெளிய தெரிஞ்சா ஊர்க்காரங்க தாக்கிடுவாங்களோன்னு பயந்து கப்பலுக்குள்ள சுத்தியலால தட்டச் சொல்லி வேலை நடக்குற மாதிரி காட்டுனாங்களாம். ஒருநாள் டொமகாயா பனி மேல நல்லா நடந்து வர்றான், பத்துப் பன்னெண்டு நாள் முன்னாடி முட்டி வீங்கிக் கிடந்தவன். கார்த்தியே, என் வேலைக்காரன் ஒருத்தனுக்கு உடம்பு சரியில்லைன்னு மறைச்சுக் கேட்டார். அவன் ரெண்டு பொண்ணுங்களை அனுப்பி அன்னெடாங்கிற மரத்தோட கிளையை ஒடிச்சுட்டு வரச் சொல்லி, பட்டையையும் இலையையும் கொதிக்க வச்சுக் குடின்னான். குடிச்சவங்க எந்திரிச்சாங்க, ஒரு பெரிய மரமே ஒரு வாரத்துல காலி.

இது எனக்குப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சை அடைக்கிற இடம். ஏன்னா அடுத்து 1536 மே மாசம் கார்த்தியே டொன்னகோனாவை, உயிரைக் காப்பாத்துன அதே டொமகாயாவைப் பிடிச்சு, மொத்தம் பத்துப் பேரை பிரான்ஸுக்கு ஏத்திட்டுப் போனார். தங்கம் இருக்கிற நாட்டைப் பத்தி டொன்னகோனா வாயாலேயே ராஜா கேக்கணுமாம். ஒருத்தர்கூட ஊர் திரும்பல.

ப்ராஜெக்ட்ல திறமையான மாலுமின்னு பையன் தாராளமா எழுதட்டும், அந்த ஆத்தை ஐரோப்பாவுக்குக் காட்டுனது அவர்தான். கூடவே 1541ல நடந்ததையும் எழுதச் சொல்லுங்க. கார்த்தியே திரும்பப் போனப்போ எங்க ஆளுங்க எங்கன்னு ஊர்க்காரங்க கேட்டாங்க. டொன்னகோனா இறந்துட்டார், மத்தவங்க கல்யாணம் கட்டிக்கிட்டு அங்க பெரிய பிரபுக்களா இருக்காங்க, திரும்பி வர மனசில்லைன்னு சொன்னார். அப்போ அந்தப் பத்துப் பேர்ல உயிரோட இருந்தது ஒரே ஒரு சின்னப் பொண்ணு.