ஒஃபியோகோமாவா, ஒஃபியோதிரிக்ஸா? தாடையைப் பாருங்கள்

ஸ்பிரிட்டில் (பதப்படுத்தும் ஆல்கஹாலில்) போட்ட பிரிட்டில் ஸ்டார், அதாவது நட்சத்திர மீனுக்கு உறவான, நீண்ட ஒல்லிக் கைகள் கொண்ட கடலுயிரி, நிறம் வெளுத்து, கைகளும் பாதி ஒடிந்துவிட்டன, இனி ஒஃபியோகோமா, ஒஃபியோதிரிக்ஸ் இரண்டில் எந்தப் பேரினம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை வேண்டாம், கைகள் சேரும் நடுத்தட்டு முழுசாக இருந்தால் போதும்.

மல்லாத்தி வைத்து வாயை லென்ஸில் பாருங்கள். ஐந்து தாடைகள் தெரியும். ஒவ்வொன்றின் நுனியிலும் சிறு முனைகள் கொத்தாக இருக்கும். இது இரண்டுக்கும் பொது. தாடையின் பக்க ஓரத்தில்தான் விஷயம். அங்கேயும் முனைகள் வரிசையாக இருந்தால் ஒஃபியோகோமா. ஓரம் மொட்டையாக இருந்தால் ஒஃபியோதிரிக்ஸ் அல்லது அதன் குடும்பத்தைச் சேர்ந்த வேறொன்று.

அப்புறம் மேல்பக்கம். கொஞ்சம் உலரவிட்டுப் பாருங்கள், ஈரத்தில் ஒன்றும் பிடிபடாது. தட்டு முழுக்க ரவை தூவியதுபோல் மணிமணியாக மூடியிருந்தால் ஒஃபியோகோமா. ஒஃபியோதிரிக்ஸில் ஒவ்வொரு கையும் தட்டோடு சேரும் இடத்தில் ஒரு ஜோடிப் பெரிய முக்கோணத் தகடுகள் துலக்கமாகத் தெரியும், மற்ற இடத்தில் முட்கள். கைமுள்ளும் உதவும்: ஒஃபியோகோமாவில் வழவழப்பு, ஒஃபியோதிரிக்ஸில் ஓரமெல்லாம் சிறு பற்கள். ஒடிந்த துண்டே இதற்குப் போதும்.

சிற்றினம்வரை போக நிறமும் வேண்டும். அடுத்த முறை உயிரோடு இருக்கும்போதே இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். ஒஃபியோகோமா எரினேசியஸ் அடியிலும் கறுப்பு. ஒஃபியோகோமா ஸ்கோலோபென்ட்ரினாவுக்கு அடிப்பக்கம் வெளிறியிருக்கும்.