வரலாற்றைப் படிக்கிறார்கள், விளக்கை வாங்குவதில்லை: பதில்

வணக்கம். நாச்சியார்கோவில் குத்துவிளக்கின் வரலாற்றை உங்கள் விளக்குக் கடையின் இணையதளத்தில் விரிவாக எழுதியும் ஒரு ஆர்டர்கூட வரவில்லை, கூகுள் விளம்பரத்துக்குப் பணம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

வரலாறு தேடி வருபவர் பெரும்பாலும் படித்துவிட்டுப் போய்விடுவார். வாங்க நினைப்பவரின் கேள்விகள் வேறு. கிரகப்பிரவேசத்துக்கு எத்தனை அடி விளக்கு வாங்கலாம்? எடை என்ன? கூரியரில் அடிபடாமல் வருமா? கடைசிக் கேள்விக்கு உங்களிடம் அருமையான பதில் இருக்கிறது. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் வரும் பிரபை எல்லாம் தனித்தனியாகக் கழற்றி மாட்டுபவை. அவற்றைப் பிரித்து பேக் செய்வதை போனிலேயே வீடியோ எடுத்துப் போடுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு பதிவு, அதிலேயே உயரம், எடை, விலை. விலையை மறைத்து 'தொடர்பு கொள்ளவும்' என்று போட்டிருப்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக் (பொருட்களைப் படத்தோடு காட்டும் பட்டியல்) இலவசம், அதன் லிங்க்கையும் பதிவின் அடியில் கொடுங்கள்.

அப்புறம், கூகுள் மேப்பில் கடைப் பெயரோடு சேர்த்திருக்கும் 'சிறந்த பித்தளை விளக்கு' என்பதை எடுத்துவிடுங்கள். பெயர்ப்பலகையில் உள்ள பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது கூகுள் விதி, மீறினால் முடக்கிவிடலாம். வாங்கியவர்களிடம் ரிவியூ கேளுங்கள், ஆனால் அதற்காகத் தள்ளுபடி தராதீர்கள். அதுவும் விதிமீறல்தான்.