தலை பின்னும்போது என் மகள் மயங்கி விழுந்துவிட்டாள். இது வலிப்பு நோயா?

உங்கள் மகளுக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும், பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் நிற்க வைத்தே பின்னியிருப்பீர்கள் என்று எண்ணி எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. பதினொரு வயது மகளுக்கு இரட்டைப் பின்னல் போடச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது, "அம்மா, கண்ணை இருட்டுது" என்றாள். "அசையாமல் நில்லு, வேன் வந்துடும்" என்று அதட்டினேன். மறுகணமே முகம் வெளுத்து, சீப்பு முடியில் சிக்கியிருக்க, என்மேல் சாய்ந்தாள். கீழே விழுந்துவிடுவாளே என்று நிமிர்த்திப் பிடித்தேன். கைகால்கள் நான்கைந்து முறை வெட்டின. எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். அரை நிமிடத்தில் கண் விழித்து, "ஏம்மா அழற?" என்று தெளிவாகக் கேட்டாள்.

முதலில் பார்த்த மருத்துவரிடம் கைகால் வெட்டியதை மட்டுமே சொன்னேன்; அவரும் வேறெதுவும் கேட்காமல் வலிப்பு மாத்திரை எழுதினார். நான்கு மாதம் அவள் வகுப்பில் தூங்கி வழிந்தாள். உறவினர்கள் "வலிப்பு வந்த பெண்" என்றே பேசினார்கள். வலிப்பு நோயை நான் இழிவாக நினைக்கவில்லை. இல்லாத நோயைக் குழந்தையின்மேல் சுமத்தினார்களே என்பதுதான் இன்றுவரை ஆறாத வருத்தம்.

புதுச்சேரியில் பார்த்த குழந்தை நரம்பியல் மருத்துவர்தான், விழும்போது அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று முதலில் கேட்டார். தலைமுடியை இழுக்கும்போது உச்சந்தலை நரம்புகள் தூண்டப்பட்டு, சில பிள்ளைகளுக்கு இதயத் துடிப்பு தணிந்து, ரத்தக் குழாய்கள் விரிந்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடுமாம். நின்றுகொண்டிருந்தால் ரத்தம் காலில் தேங்குவதால் மூளைக்குப் போவது மேலும் குறையுமாம். சாதாரண மயக்கத்திலும் கைகால் சற்று வெட்டும் என்றும், அந்த நேரத்தில் நிமிர்த்திப் பிடிக்காமல் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும் என்றும் சொன்னார். ஈசிஜி எடுத்து இதயத்தில் குறையில்லை என்று உறுதிசெய்த பிறகே மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்.

இப்போது சாப்பிட்டு, தண்ணீர் குடித்த பிறகு, தரையில் உட்கார வைத்து நுனியிலிருந்து சிக்கெடுக்கிறேன். மூன்று ஆண்டுகளாக அவள் விழவில்லை.

ஓடும்போது மயங்கினாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ இதயப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது, விழுவதற்கு முன் அவள் நின்றாளா, சாப்பிட்டிருந்தாளா, என்ன சொன்னாள் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.